ஈயை முகர்ந்து திரும்பிய டிரவுட் மீன்கள்: என் அனுபவம்

இலையுதிர்காலத்தில் மலை ஆறுகளில் நீர் குறைந்து, அடியிலுள்ள கூழாங்கற்கள் தெரியுமளவுக்குத் தெளிந்துவிடும். அந்த நீரில் டிரவுட் மீன்கள் என் செயற்கை ஈயை (பூச்சிபோல் தோன்றும்படி இறகும் நூலும் சுற்றிக் கட்டிய தூண்டில் முள்ளை) நோக்கி மேலெழுந்து, முகர்வதுபோல் நெருங்கி வந்துவிட்டுத் தொடாமலே திரும்பின. ஈயை மாற்றி மாற்றிக் கட்டியும் பயனில்லை.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது அருகில் உதிர்ந்து மிதந்த ஓர் இலை. அது நீரின் போக்கிலேயே சென்றது. என் ஈயோ, இடையில் ஓடிய வேகமான நீரோட்டம் தூண்டில் கயிற்றை இழுத்ததால், இலையைச் சற்றே முந்திக்கொண்டு, நீர்ப்பரப்பில் மெல்லிய கீறலொன்றை விட்டுச் சென்றது. உயிருள்ள பூச்சி அப்படி மிதப்பதில்லை.

தூண்டில் கயிற்றையும் ஈயையும் இணைக்கும் மெல்லிய இழையான லீடரை 9 அடியிலிருந்து 12 அடியாக நீட்டி, முனையில் 0.15 மி.மீ. இழைக்குப் பதிலாக 0.13 மி.மீ. இழையைக் கட்டினேன். ஆனால் இழையைவிட நாம் நிற்கும் இடமே முக்கியம் என்பது என் கணிப்பு. மீன்கள் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்பதால், அவற்றின் பின்புறமாகக் குனிந்து நெருங்கி, கோலை உயர்த்திப் பிடித்து, கயிற்றின் பெரும்பகுதி நீரில் படாதபடி குறுகிய தூரத்துக்கே வீசினேன். (பழுப்பு டிரவுட் முட்டையிடும் பருவமும் இதுவே என்பதால், ஆற்றடியில் வெளிறித் தெரியும் சரளைத் திட்டுகளை மிதிக்காமல் சுற்றிச் செல்ல வேண்டும்.)

ஈ இலையோடு இலையாக மிதக்கத் தொடங்கியதும், அதுவரை ஒதுக்கப்பட்ட அதே ஈயை மீன்கள் தயங்காமல் கவ்வின. வெயில் ஏறி நீர் சற்றுச் சூடாகும் நண்பகலில் இது இன்னும் எளிதாகிறது.