பைனாகுலரில் வெஸ்டாவைப் பிடிப்பது எப்படி?

சிறுகோள் பார்க்கப் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னிடம் இருப்பது 10×50 (10 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முன்வில்லை) பைனாகுலர்தான்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஓடும் சிறுகோளான வெஸ்டா, சூரியனைச் சுற்ற 3.63 ஆண்டுகள் ஆகும். சுமார் 17 மாதங்களுக்கு ஒருமுறை பூமி அதை முந்துகிறது. அந்த வாரங்களில் இரவு முழுக்கத் தெரியும். நிலா இல்லாத இரவாகத் தேர்ந்தெடுங்கள்.

வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் வெஸ்டா இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு போனை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரமாவது ஆகும். அப்புறம் மொட்டைமாடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, தெரிகிற புள்ளிகளையெல்லாம் பென்சிலால் தாளில் குறியுங்கள். இரண்டு நாள் கழித்து அதே இடத்தை மறுபடி வரையுங்கள். மற்றவை அப்படியே இருக்க, ஒன்று மட்டும் நிலவின் அகலம் அளவுக்கு நகர்ந்திருக்கும். அதுதான் வெஸ்டா! வரைவதை மட்டும் தவிர்க்காதீர்கள்; செயலி காட்டித் தெரிந்துகொள்வதில் இந்தச் சந்தோஷம் கிடைக்காது.

1807 மார்ச் 29 அன்று ஜெர்மனியின் ப்ரெமன் நகரில் வானியலாளர் ஓல்பர்ஸ் கண்டுபிடித்ததும் இதே புள்ளியைத்தான். பெயர் வைக்கும் உரிமையை, அதன் பாதையைக் கணித்த கணித மேதை காஸுக்கு அவர் கொடுத்தார். காஸ் தேர்ந்தெடுத்தது ரோமானியர்களின் அடுப்புத் தெய்வத்தின் பெயர்.

விட்டம் சுமார் 525 கி.மீ. அதே பட்டையில் உள்ள குறுங்கோள் சீரிஸைவிடச் சிறியதுதான், ஆனால் விழும் ஒளியில் சுமார் 40 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவதால் அதைவிடப் பளிச்சென்று தெரியும். தென் துருவத்தில் சுமார் 500 கி.மீ. அகலப் பள்ளம் ஒன்று உண்டு. 2011இல் போய்ச் சேர்ந்த நாசாவின் டான் விண்கலம் அதை அருகிலிருந்து படமெடுத்தது.