மண்ணுக்கடியில் போகும் கேபிளை லொக்கேட்டர் வைத்துத் தேடுவது எப்படி?

மண்ணுக்கடியில் போகும் கேபிளையும் குழாயையும் தேடும் கருவியான லொக்கேட்டரைக் கையில் எடுக்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்குக் கேபிளும் தெரியாது, குழாயும் தெரியாது. உலோகத்தில் மின்னோட்டம் ஓடும்போது சுற்றிலும் உண்டாகும் காந்தப்புலம் மட்டும்தான் தெரியும். அதனால் கருவி சத்தம் போடவில்லை என்றால் கீழே ஒன்றுமில்லை என்று அர்த்தம் ஆகாது. ஓட்டம் இல்லாத கேபிள் சும்மா படுத்திருக்கலாம்.

முதலில் கண்ணால் தேடுங்கள். வரைபடம் இருந்தால் வாங்கிப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வால்வு மூடி, மேன்ஹோல், மீட்டர் பெட்டி, கம்பத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கும் கேபிள், எப்போதோ தோண்டி மூடிய நீளமான ஒட்டு என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். லைனுக்குள் (கேபிளோ குழாயோ) சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை எங்கே மாட்டலாம் என்பதை இவைதான் சொல்லும்.

அடுத்து, சிக்னலைப் பிடிக்கும் கருவியான ரிசீவரை மட்டும் எடுத்துக்கொண்டு ‘பவர்’ நிலையில் ஒரு சுற்று நடங்கள். மின்கட்டமைப்பின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் சிக்னலை இது பிடிக்கும். கருவியைச் செங்குத்தாக, தரையை ஒட்டிப் பிடியுங்கள். பக்கவாட்டில் வீசி ஆட்டாதீர்கள். இடம் முழுவதும் நீளவாக்கில் நடந்துவிட்டு, அப்புறம் குறுக்குவாக்கிலும் நடக்க வேண்டும். நீங்கள் நடக்கும் திசையிலேயே போகும் லைன் சிக்கவே சிக்காது, உங்கள் பாதையைக் குறுக்கே வெட்டுவதுதான் கத்தும். இன்னொன்று: இந்தச் சிக்னல் வந்தால் மின்கேபிள்தான் என்று முடிவு கட்டாதீர்கள். இரும்புத் தண்ணீர்க் குழாயிலும் கசிவு மின்னோட்டம் ஓடும்.

இனி டிரான்ஸ்மிட்டர். நேரடியாக மாட்ட முடிந்தால் அதுதான் சிறந்த வழி. சிவப்பு கிளிப்பை உலோகக் குழாயில் மாட்டுங்கள். துருவையும் பெயின்ட்டையும் பளபளக்கும் வரை சுரண்டிவிடுங்கள். கறுப்பு கிளிப் எர்த் கம்பிக்கு. அந்தக் கம்பியை லைனுக்குச் செங்குத்தான திசையில், ஒயர் எட்டும் வரை தள்ளி அடியுங்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று வேலிக்கம்பியிலோ வேறு குழாயிலோ மாட்டினால் சிக்னல் அதன் வழியாகவும் ஓடி உங்களைக் குழப்பும்.

மின்சாரம் உள்ள கேபிளில் கிளிப்பை ஒருபோதும் மாட்டாதீர்கள். பயிற்சி பெற்றவர்கள் கேபிளைச் சுற்றி கிளாம்ப் போட்டு சிக்னல் அனுப்புவார்கள். கிளாம்ப்பின் வாய் முழுதாக மூட வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாதபோதுதான் டிரான்ஸ்மிட்டரைத் தரையில் வைத்து, லைனில் சிக்னலைத் தூண்டும் முறை. அதில் ரிசீவரோடு குறைந்தது 10 முதல் 15 மீட்டர் தள்ளிப் போங்கள். கிட்டே நின்றால் காற்று வழியாக வரும் சிக்னலைத்தான் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஃப்ரீக்வென்சியை, நேரடியாக மாட்டும்போது, குறைவாக வைத்தே தொடங்குங்கள். 512 ஹெர்ட்ஸ் போன்றவை நெடுந்தூரம் போகும், பக்கத்து லைனுக்கு எளிதில் தாவாது. பிடி கிடைக்காவிட்டால் 8, அப்புறம் 33 கிலோஹெர்ட்ஸ் என்று ஏற்றுங்கள். ஏற்ற ஏற்ற சிக்னல் எளிதாக ஏறும், எளிதாகவே அடுத்த லைனுக்கும் தொற்றும்.

துல்லியமாக இடம் பிடிப்பதில்தான் பொறுமை வேண்டும். ‘பீக்’ (உச்சம்) நிலையில் லைனைக் குறுக்கே கடந்து போய்த் திரும்பி வாருங்கள். திரையின் அளவு உச்சியிலேயே முட்டி நின்றால் உணர்திறனைக் குறையுங்கள். அளவு திரையின் நடுவில் நிற்கும்போதுதான் சின்ன ஏற்ற இறக்கமும் தெரியும். உச்சம் வந்த இடத்தில் நின்று, கருவியை அதே புள்ளியில் மெல்லத் திருப்புங்கள். சிக்னல் படுத்துவிடும் நிலையில் கருவியின் தட்டையான முகம் லைனுக்கு இணையாக இருக்கிறது. லைன் போகும் திசை அதுதான். இப்போது ‘நல்’ (null, அதாவது சுழி) நிலைக்கு மாற்றிப் பாருங்கள். இதில் லைனுக்கு நேர் மேலே சிக்னல் விழ வேண்டும். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் சரி. ஒரு சாண் தள்ளிக் காட்டினாலே பக்கத்தில் வேறொரு லைன் புலத்தை இழுக்கிறது என்று பொருள். அங்கே ஆழ அளவை நம்பாதீர்கள்.

மின்னோட்ட அளவையும் பாருங்கள். மேலாகப் போகும் வேற்று லைன் சத்தமாகக் கத்தலாம். ஆனால் நீங்கள் மாட்டிய லைனில்தான் பெரும்பாலும் மில்லிஆம்பியர் அதிகம் காட்டும்.

ஆழத்தை வளைவுகளிலும் கிளை பிரியும் இடங்களிலும் அளக்காதீர்கள். நேராகப் போகும் பகுதியில் அளந்துவிட்டு, ரிசீவரை 30 சென்டிமீட்டர் உயர்த்தி மறுபடி அளங்கள். கணக்கும் அதே 30 கூட வேண்டும். காட்டும் ஆழம் குழாயின் மையம் வரை. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு 1 மீட்டர் காட்டினால், மேல்விளிம்பு 90 சென்டிமீட்டரிலேயே வந்துவிடும்.

பிளாஸ்டிக் குழாய், உலோகம் சேராத ஃபைபர் கேபிள் இரண்டும் இந்தக் கருவிக்குச் சிக்காது. கூடவே தடக்கம்பி (தடம் காட்டுவதற்கான உலோகக் கம்பி) புதைத்திருந்தால் அதில் சிக்னல் கொடுக்கலாம். குழாய்க்குள் நுழைய முடிந்தால் ‘சோண்ட்’ என்ற சிறிய டிரான்ஸ்மிட்டரைத் தள்ளி, மேலிருந்து பின்தொடரலாம். அதுவும் இல்லையென்றால் தரை ஊடுருவும் ரேடார்தான்.

பெயின்ட்டால் குறிக்கும்போது வளைவுகளில் புள்ளிகளை நெருக்கமாகப் போடுங்கள். இயந்திரத்தை இறக்கும் முன், குறித்த கோட்டில் ஓரிரு இடங்களில் கைமண்வெட்டியால் பக்கவாட்டிலிருந்து மெல்லத் தோண்டி லைனைக் கண்ணால் பாருங்கள். அங்கே கடப்பாரை வேண்டாம்.