நாசிக்கில் முதல் ஒயின் டேஸ்டிங்: மும்பையிலிருந்து காரில் போகிறவர்களுக்கு

மும்பையிலிருந்து நாசிக் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். தானே, ஷஹாபூர் தாண்டி கசாரா மலைப்பாதை ஏறினால் இகத்புரி, அப்புறம் நாசிக். மாட்டுங்கா, செம்பூர் பக்கத்திலிருந்து திரியம்பகேஸ்வரர் தரிசனத்துக்குப் போய்வரும் நம்மவர்கள் ஏராளம். நாசிக்கிலேயே, கங்காபூர் அணையோரம் ஒயின் தயாரித்துச் சுவைத்துப் பார்க்கவும் தருகிற சுலா, யார்க் போன்ற திராட்சைத் தோட்டங்கள் இருப்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் "ஒயினைப் பற்றி நமக்கு என்ன தெரியும்" என்ற தயக்கத்தில் உள்ளே போகாமலே திரும்பிவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. யார் வண்டி ஓட்டுவது என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

டேஸ்டிங்கில் ஒவ்வொரு ஒயினும் ஒரு வாய் அளவுதான் வரும். 30 மில்லி வீதம் ஐந்து வகை என்று வைத்துக்கொண்டால் 150 மில்லி, அதாவது ஒரு முழு கிளாஸ். அதில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கும். நம் சட்டத்தில் ஓட்டுநருக்கான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். எடை குறைந்த ஒருவர் அதைத் தாண்ட இந்த ஒரு கிளாஸே போதும். முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். இரவு அங்கேயே தங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஓட்டுபவர் ஒரு சொட்டும் குடிக்க வேண்டாம். அவரும் ஒவ்வொரு கிளாஸையும் முகர்ந்து பார்க்கலாம். பாதி அனுபவம் அதிலேயே கிடைத்துவிடும்.

2. நாள் குறியுங்கள்

ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் அறுவடை. நாசிக்கில் மழைக்காலம் முடிந்ததும் கொடியைக் கவாத்து செய்வார்கள்; குளிரில் காய் முற்றி, ஜனவரி முதல் மார்ச் வரை அறுப்பார்கள். கொடியில் பழம் பார்க்க ஆசையென்றால் பிப்ரவரியில் போங்கள். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. சனி, ஞாயிறில் கூட்டம் நெரியும். முன்பதிவு செய்துவிடுங்கள். ஜனவரி 26 போன்ற மதுவிலக்கு நாட்களில் ஊற்ற மாட்டார்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

3. மிசலைத் தள்ளிப் போடுங்கள்

நாசிக் போய் மிசல் பாவ் சாப்பிடாமல் வரக்கூடாதுதான். ஆனால் அந்தக் காரம் நாக்கில் இருக்கும்போது ஒயின் எரிச்சலாக மட்டுமே தெரியும். காலையில் இட்லியோ போஹாவோ வயிறு நிறையச் சாப்பிடுங்கள், மிசல் மாலைக்கு இருக்கட்டும். சென்ட், ஜவ்வாது, பாக்கு எதுவும் வேண்டாம். தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஒயின் வாசனை தெரியாது.

4. ஆலையைச் சுற்றிப் பாருங்கள்

பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கறுப்புத் திராட்சையின் சாறும் கிட்டத்தட்ட நிறமற்றதுதான். சிவப்பு ஒயினுக்கு நிறம் தருவது தோல். தோலோடு சேர்த்து நொதிக்க விடுவதால் நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. இது புரிந்தால் அடுத்த படி எளிது.

5. கிளாஸைக் கையில் எடுங்கள்

தண்டைப் பிடியுங்கள், கிண்ணப் பகுதியைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். முதலில் அசைக்காமல் முகருங்கள். பிறகு மேசைமேல் வைத்தபடியே மெல்லச் சுழற்றிவிட்டு இன்னொரு முறை முகருங்கள். இரண்டாவது முறை வாசனை எழும்பி வருவது தெரியும். ஒரு சிறு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். துப்புவதற்கு ஜாடி இருந்தால் தாராளமாகத் துப்பலாம், அது மரியாதைக் குறைவு இல்லை.

ஊற்றுபவர் செர்ரி, பிளாக்பெர்ரி என்று சொல்லிக்கொண்டே போவார். அந்தப் பழங்களையே பார்த்திராத நமக்கு அது உதவாது. உங்கள் வீட்டு வாசனைகளைத் தேடுங்கள். சாவிஞோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினை நான் முதலில் முகர்ந்தபோது நினைவுக்கு வந்தது, நறுக்கிய பச்சைக் குடைமிளகாயும் கொய்யாவும். குடைமிளகாயில் இருக்கும் அதே வகை வாசனைப் பொருள் அந்தத் திராட்சையிலும் உண்டு என்று பிறகுதான் படித்தேன். ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சையின் சிவப்பு ஒயினில் மிளகு வாசனை வந்தால் அதுவும் கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் ஷிராஸிலும் அந்த மணத்தைத் தருகிறது.

சிவப்பு ஒயின் குடித்ததும் ஈறு இறுகிக் காய்ந்ததுபோல் இருக்கும். அதற்கு டானின் என்று பெயர் சொல்வார்கள். கடுக்காய், வாழைப்பூ, பால் சேர்க்காத டீ குடித்து வளர்ந்த நமக்கு அது துவர்ப்பு, அவ்வளவுதான். அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. தயங்காமல் அந்தச் சொல்லையே சொல்லுங்கள்.

ஒவ்வொரு ஒயினுக்கும் ஒரு வரி போனில் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது கிளாஸ் வரும்போது முதலாவது மறந்துபோயிருக்கும்.

6. வாங்குவதாக இருந்தால்

பிடித்த ஒன்றை மட்டும் வாங்குங்கள். ஊருக்குத் திரும்பும்போது கடைசியில் வாங்கி, துணியில் சுற்றி, ஏசி படும் இடத்தில் வையுங்கள். ஒரு ஏப்ரலில் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் ஒரு பாட்டிலை விட்டுவிட்டேன். மாலையில் கார்க் மேலே தள்ளியிருந்தது, ஒயின் காய்ச்சிய ஜாம்போல ஆகிவிட்டது.

நாசிக்கிலிருந்து அப்படியே சாபுதாரா மலைக்குப் போகிற திட்டம் இருந்தால் பாட்டிலே வாங்க வேண்டாம். அது குஜராத், அங்கே மதுவிலக்கு அமலில் இருக்கிறது, எல்லையில் வண்டியைச் சோதிக்கலாம்.

வீட்டில் திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். சிவப்பு ஒயினையும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஊற்றுவதற்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் சரியாக இருக்கும்.