அம்மாவின் தபால் வாக்குச் சீட்டை நீங்கள் நிரப்பலாமா?

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பெற்றோருடன் வாழும் பல வீடுகளில் தேர்தலுக்குத் தேர்தல் நடக்கும் காட்சி இது. தபாலில் வந்த உறையை அம்மா சாப்பாட்டு மேசையில் வைப்பார். "நீயே பார்த்துப் போட்டுவிடு, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்பார்.

அந்த ஒரு வாக்கியத்திலேயே சட்டம் அனுமதிப்பதும் இருக்கிறது, தடுப்பதும் இருக்கிறது. "போட்டுவிடு" என்பது சரி. "நீயே பார்த்து" என்பதுதான் குற்றம். நான் கலிபோர்னியாவில் வசிப்பதால் அந்த மாநில நடைமுறையை வைத்தே எழுதுகிறேன். பிற மாநிலங்கள் மாறுபடும் சில இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

படி 1: உதவி பெறத் தகுதி உண்டா என்று பாருங்கள்

வாக்குரிமைச் சட்டத்தில் 1982-இல் சேர்க்கப்பட்ட 208-ஆவது பிரிவு நாடு முழுவதற்கும் பொருந்தும். பார்வையின்மை, உடல் இயலாமை, படிக்கவோ எழுதவோ முடியாமை ஆகியவற்றால் உதவி தேவைப்படும் வாக்காளர், தாம் விரும்பும் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலம் படிக்கத் தெரியாததும் இதில் அடங்கும். 55 வயதைத் தாண்டி, 15 ஆண்டுகள் பச்சை அட்டையுடன் (நிரந்தரமாக வசிக்கும் அனுமதியுடன்) வாழ்ந்தவர்களுக்குக் குடியுரிமைத் தேர்வில் ஆங்கிலத்திலிருந்து விலக்கு உண்டு என்பதால், ஆங்கிலம் அறியாத குடிமக்கள் நம்மிடையே நிறையப் பேர். 2014-இல் டெக்சாஸில், வங்காளம் பேசும் ஒரு தாய் வாக்குச்சாவடிக்குத் தன் மகனை மொழிபெயர்க்க அழைத்துப்போனார். மகன் பக்கத்துக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) வாக்காளர் என்று சொல்லி, அவர் உதவுவதற்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். வழக்கு ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மாநிலம் அப்படிச் சுருக்க முடியாது என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. அதைப் பார்க்க அந்தத் தாய் உயிருடன் இல்லை.

உதவக் கூடாதவர்கள், வாக்காளருக்கு வேலை கொடுத்திருக்கும் முதலாளி, முதலாளியின் ஆட்கள், வாக்காளருடைய தொழிற்சங்க நிர்வாகிகள், சங்கத்தின் ஆட்கள். தன் மளிகைக் கடையின் சம்பளப் பட்டியலில் அப்பாவின் பெயரை வைத்திருக்கும் மகன்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும். அந்த வீட்டில் மருமகள் உதவலாம், கடை அவருடையதாகவும் இல்லாவிட்டால்.

படி 2: முழுவதையும் படித்துக் காட்டுங்கள்

பொறுமையைச் சோதிக்கும் படி இதுதான். 2024 நவம்பரில் அதிபர் முதல் பள்ளி வாரியம் வரையிலான பதவிகளோடு, வாக்காளர்களே ஆம், இல்லை என்று முடிவு செய்யும் மாநில அளவிலான 10 சட்ட முன்மொழிவுகளும் கலிபோர்னியச் சீட்டில் இருந்தன. வேட்பாளர்களின் பெயர்களைச் சீட்டில் உள்ள வரிசைப்படியே, ஒன்றுவிடாமல் வாசியுங்கள். "இவர் நல்லவர், அவர் வேண்டாம்" என்பதை வேறொரு நாள் காப்பி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சான்டா கிளாரா போன்ற கவுண்டிகளில் தமிழ் மாதிரிச் சீட்டும் கிடைக்கிறது. அது பார்த்துப் புரிந்துகொள்ள மட்டுமே. அதில் குறியிட்டு அனுப்பினால் வாக்கு ஆகாது.

பார்வைக் குறைபாடு உள்ளவர், திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு கணினியிலேயே தேர்வு செய்து, அதை அச்சிட்டுத் திருப்பி அனுப்பவும் வழி இருக்கிறது. உதவியாளரே வேண்டாம் என்பவர்களுக்கு அது நல்ல வழி.

படி 3: சொன்னதை மட்டும் குறியுங்கள்

பேனா உங்கள் கையில் இருக்கலாம், தேர்வு அம்மாவுடையதாக இருக்க வேண்டும். அவர் "இது வேண்டாம்" என்று விட்ட இடம் காலியாகவே இருக்கட்டும். எல்லா இடத்தையும் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. மற்ற வாக்குகள் செல்லும்.

காலி இடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 2018-இல் வட கரோலினாவின் ஒன்பதாவது நாடாளுமன்றத் தொகுதியில் 905 வாக்கு வித்தியாசத்தில் ஒருவர் முன்னிலை பெற்றார். பிளேடன் கவுண்டியில் ஒரு தேர்தல் தரகர் கூலிக்கு ஆள் வைத்துத் தபால் சீட்டுகளைச் சேகரித்தது பிறகு அம்பலமானது. காலியாக இருந்த சில இடங்களைத் தாமே நிரப்பியதாக, வேலை பார்த்த ஒரு பெண் விசாரணையில் ஒப்புக்கொண்டார். மாநிலத் தேர்தல் வாரியம் முடிவை ஏற்காமல், 2019-இல் புதிய தேர்தலுக்கே உத்தரவிட்டது.

அம்மா யாருக்கு வாக்களித்தார் என்பதை அத்தையிடம் தொலைபேசியில் சொல்லிவிடாதீர்கள். அந்த ரகசியம் அவருடையது.

படி 4: கையொப்பம்

இங்கேதான் பல நல்ல பிள்ளைகள் தவறு செய்கிறார்கள். உறையில் உள்ளது உறுதிமொழி. அம்மாவின் பெயரை நீங்கள் எழுதிவிட்டால், எவ்வளவு பாசத்தோடு எழுதினாலும் அது போலிக் கையொப்பம்தான். வங்கிக் கணக்கைக் கவனிக்க அவர் எழுதிக்கொடுத்த பவர் பத்திரமும் இங்கே செல்லாது.

கை நடுங்கினால் கலிபோர்னியாவில் அவர் ஒரு குறி போட்டால் போதும். ஒருவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். வட கரோலினா, அலபாமா போன்ற மாநிலங்களில், கையொப்பம் நன்றாக இருந்தாலும் இரண்டு சாட்சிகளோ ஒரு நோட்டரியோ தேவை. அப்பாவின் சீட்டை அம்மாவின் உறையில் போட்டு ஒட்டிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு சீட்டு நிரப்பும் வீடுகளில் இது எளிதாக நடந்துவிடும்.

நினைவு மங்கியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மறதி நோய் என்று மருத்துவர் எழுதியதாலேயே வாக்குரிமை போய்விடாது. கலிபோர்னியாவில் அதை நீதிமன்றம்தான் எடுக்க முடியும், அதுவும் வாக்களிக்கும் விருப்பத்தையே அவரால் தெரிவிக்க முடியாது என்று நிரூபணமானால். அவர் தம் விருப்பத்தைச் சொன்னால் குறியுங்கள். சொல்லாவிட்டால், "அப்பா எப்போதும் இந்தக் கட்சிக்குத்தானே போடுவார்" என்று ஊகித்து நிரப்பாதீர்கள். அந்தச் சீட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 5: அனுப்புவது

கலிபோர்னியாவில் வாக்காளர் யாரிடம் வேண்டுமானாலும் உறையைக் கொடுத்து அனுப்பலாம். கொண்டுபோகிறவர் தம் பெயரையும் உறவுமுறையையும் உறையில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இதற்குத் தனி இடம் இருக்கிறது, அம்மாவின் கையொப்பம் போகும் இடத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு சேகரிப்பது குற்றம்.

கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். சீட்டு எங்கே இருக்கிறது என்று குறுஞ்செய்தி அனுப்பும் சேவையில் அம்மாவின் எண்ணைப் பதிந்துவையுங்கள். பழைய கையொப்பத்தோடு பொருந்தவில்லை என்றால் கவுண்டி அலுவலகம் கடிதம் எழுதி, சரிசெய்ய வாய்ப்புத் தரும். அந்தப் படிவத்திலும் அம்மாதான் கையொப்பமிட வேண்டும்.