பழைய டைட்டானியம் ஃபிரேமை விற்பது எப்படி: என் மெர்லினை விற்ற அனுபவத்திலிருந்து

போன வசந்தத்தில் மெர்லின் கம்பெனி செய்த என்னுடைய 1995 மவுண்டன் பைக்கின் டைட்டானியம் ஃபிரேமை விற்றேன். 22 வருஷம் என்னிடம் இருந்த சைக்கிள். பாஸ்டனுக்கு வடக்கே மிடில்செக்ஸ் ஃபெல்ஸ் காட்டில் வேரும் பாறையுமாகக் கிடக்கும் பாதைகளில் அதை ஓட்டித்தான் எனக்கு மவுண்டன் பைக்கே பழகியது. பிறகு 29 அங்குலப் பெரிய சக்கரம் கொண்ட வேறு சைக்கிளுக்கு மாறிவிட்டேன். மெர்லின் மூன்று வருஷம் கராஜ் சுவரில் ஆணியில் தொங்கியது. ஓட வேண்டிய பொருள் அப்படித் தொங்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

முதலில் நான் போட்ட விளம்பரத்தில் நாலு படம், ஒரு விலை, 'மிக நல்ல நிலையில் உள்ளது' என்று ஒரு வரி. ஐந்து வாரம் ஆனது. வந்தவர்கள் எல்லாரும் பாதி விலைக்குக் கேட்டார்கள். அப்புறம் அதை எடுத்துவிட்டு, ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அளந்து, படம் பிடித்து, மறுபடி போட்டேன். பத்தாவது நாள் விற்றது. ஃபிரேம் அதேதான், கேட்ட விலையும் அதேதான். 30 வருஷப் பழைய உலோகத்தைப் பார்க்காமலே வாங்குகிறவருக்கு ஆயிரம் சந்தேகம் இருக்கும். தீராத சந்தேகம் ஒவ்வொன்றுக்கும் அவர் மனசுக்குள் 50 டாலர் கழித்துக்கொள்கிறார். இங்கே நான் சொல்லப்போவதெல்லாம் அந்தச் சந்தேகங்களைத் தீர்க்கும் வழிதான்.

கையில் இருப்பது என்ன என்று உறுதி செய்துகொள்வது முதல் வேலை. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினால் பெடல் கைகளை இணைக்கும் அச்சு போகும் பாட்டம் பிராக்கெட் குழாயின் அடியில் பெரும்பாலும் வரிசை எண் இருக்கும். சேறு அப்பியிருந்தால் பல் துலக்கும் பிரஷ் போதும். எந்தப் பட்டறையில், எந்தக் காலத்தில் செய்தது என்பது விலையை நேரடியாக மாற்றும். மெர்லின் 1986-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய நிறுவனம். 2000-இல் லைட்ஸ்பீட் என்ற இன்னொரு டைட்டானியம் சைக்கிள் கம்பெனியின் உரிமையாளர்கள் அதை வாங்கினார்கள், தயாரிப்பு டென்னசிக்குப் போனது. அதனால் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் பட்டறையில் செய்த ஃபிரேம் என்றால் சேகரிப்பவர்கள் தனி மதிப்புக் கொடுக்கிறார்கள். கொலராடோவில் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் செய்யும் மூட்ஸ் கம்பெனி டைட்டானியம் ஃபிரேம்களுக்கும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் லைட்ஸ்பீட் தன் பெயரில் மட்டுமல்ல, வேறு கம்பெனிகளின் பெயரிலும் ஃபிரேம் செய்து கொடுத்தது. ஸ்டிக்கர் உரிந்த ஃபிரேமாக இருந்தாலும், சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட்டின் வடிவத்தையும் வெல்டிங்கையும் பார்த்தே விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே அந்த இரண்டையும் கிட்டத்தில் படம் எடுங்கள்.

நீங்களும் வேறொருவரிடம் பழையதாக வாங்கியிருந்தால் பைக் இண்டெக்ஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். திருட்டுப்போன சைக்கிள்கள் அங்கே பதிவாகின்றன, தேடக் காசு இல்லை. உங்கள் ஃபிரேமையும் உங்கள் பெயரில் அங்கே பதிந்துவிடுங்கள், கடைசியில் உதவும்.

அடுத்தது விரிசல். இதில் அவசரமே கூடாது. டைட்டானியம் துருப்பிடிக்காது என்பதால் அதற்குச் சாவே இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். துரு வராது, ஆனால் விரிசல் வரும். பெரும்பாலும் வெல்டிங்கின் ஓரத்தில், குழாயும் வெல்டிங்கும் சேரும் கோட்டில் வரும். முன்னால் ஹேண்டில்பார் திரும்பும் ஹெட் டியூபுக்குக் கீழே, சாய்ந்து இறங்கும் டவுன் டியூப் சேரும் இடம், சீட்டுக்குக் கீழே நிற்கும் சீட் டியூபின் உச்சியில் இறுக்குவதற்காக வெட்டிய பிளவின் அடி, பின்சக்கரத்துக்குப் போகும் செயின்ஸ்டே குழாய் பாட்டம் பிராக்கெட்டை ஒட்டும் இடம், பின் டிராப்அவுட், பிரேக் பொருத்தும் குமிழ் என எல்லா இடத்தையும் பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் குழாயோடு படுக்கவைத்தாற்போலப் பிடியுங்கள். நேராக அடித்தால் எல்லாமே பளபளக்கும், ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் அடித்தால் மயிரிழை விரிசல்கூட நிழல் போடும். பிறகு கொஞ்சம் பஞ்சை வெல்டிங் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் பஞ்சு அங்கே ஓர் இழையை விட்டுவிட்டுப் போகும்.

என் ஃபிரேமில் வலது செயின்ஸ்டேயில் மூன்று கோடுகள் இருந்தன. முதல் பார்வையில் வயிறு கலங்கியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அகலம், இரு பக்கமும் உலோகம் ஒதுங்கி மேடாக இருக்கிறது, முனை மழுங்கி நிற்கிறது. செயின் பற்சக்கரத்தோடு சுற்றிக்கொண்டு வந்து இடுக்கில் மாட்டிக் கீறிய தடம். முன்னால் மூன்று பற்சக்கரம் இருந்த காலத்துச் சைக்கிள்களில் இது சாதாரணம். விரிசல் இப்படி இருக்காது. அது மெல்லியதாக வெல்டிங் ஓரத்தையே பிடித்துக்கொண்டு ஓடும், முனை கூராக மறைந்துபோகும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் வெல்டிங் சாமான் விற்கும் கடையில் சிவப்பு மை ஸ்பிரே சோதனைப் பெட்டி கிடைக்கும். சிவப்பு மையை அடித்து, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சு அடித்தால், உள்ளே இறங்கிய சிவப்பு வெளியே கசிந்து கோடு காட்டும். நான் அதையும் செய்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அந்தப் படத்தையும் விளம்பரத்தில் போட்டேன். வாங்கியவர், தான் தொடர்புகொண்டதே அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என்று எழுதினார்.

விரிசல் இருந்தால் மறைக்காதீர்கள். அந்த ஃபிரேமை நம்பி மலைச் சரிவில் இறங்குகிறவர் ஒரு மனிதர், முகம் பெயர்ந்துவிடும். விரிசல் விட்ட டைட்டானியத்தையும் வாங்க ஆள் உண்டு. குழாய்க்கு உள்ளும் வெளியும் ஆர்கான் வாயு செலுத்தி வெல்டு செய்யத் தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்வார்கள். விலை குறையும், அவ்வளவுதான்.

சீட்டைத் தாங்கி சீட் டியூபுக்குள் இறங்கும் சீட் போஸ்ட் கழல்கிறதா என்று விளம்பரம் போடும் முன்பே பாருங்கள். டைட்டானியம் ஃபிரேமில் அலுமினிய சீட் போஸ்ட்டை வருஷக்கணக்கில் அசைக்காமல் வைத்தால், வியர்வையும் மழையும் இறங்கி அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாக உப்பி, இரண்டும் ஒன்றாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. இரும்புக்குச் செய்வதுபோலச் சூடு காட்டினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். சூட்டில் அலுமினியம் டைட்டானியத்தைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு விரியும், இன்னும் இறுகும். குளிர வைக்க வேண்டும். ஃபிரேமைக் கவிழ்த்து, பாட்டம் பிராக்கெட் வழியாகத் துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறவைத்தேன். பிறகு தடித்த கையுறை போட்டு, கதவைத் திறந்துவைத்து, உலர் பனிக்கட்டித் தூளை (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போஸ்ட்டின் குழாய்க்குள் நிரப்பினேன். பத்து நிமிஷம் கழித்து பழைய சீட்டையே கைப்பிடியாகப் பிடித்துத் திருகினேன். ஒரு நறுக் சத்தம். அப்புறம் இடமும் வலமும் கால் கால் சுற்றாக, கால் மணி நேரத்தில் வெளியே வந்தது. போஸ்ட் வீண், ஃபிரேம் தப்பியது. காஸ்டிக் சோடா ஊற்றினால் அலுமினியம் கரைந்துவிடும், டைட்டானியத்துக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் அது தோலையும் கண்ணையும் எரிக்கும், எரியும் வாயுவையும் கிளப்பும். முன்பே செய்து பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

பின் கியர் மாற்றியைத் தாங்கும் கியர் ஹாங்கரும் முக்கியம். இன்றைய ஃபிரேம்களில் அது வளைந்தால் கழற்றிப் புதிது போடலாம். பழைய டைட்டானியம் ஃபிரேம்கள் பலவற்றில் அது டிராப்அவுட்டோடு ஒரே துண்டு. சைக்கிள் கடையில் சீரமைப்புக் கருவி வைத்து நேராக இருக்கிறதா என்று பார்த்து, அதை ஒரு வரியாக எழுதுங்கள்.

இனி அளவுகள். பள்ளி ஆய்வகத்தில் பிடித்தோமே, அதே வெர்னியர் காலிப்பர் ஒன்று வேண்டும். சீட் டியூபின் உள் விட்டத்தில் 26.8 மி.மீ.-க்கும் 27.2 மி.மீ.-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒன்றுக்கான போஸ்ட் மற்றொன்றில் பொருந்தாது. அதே குழாயின் வெளி விட்டம் முன் கியர் மாற்றிக்குத் தேவை. 28.6, 31.8, 34.9 மி.மீ. ஆகியவை வழக்கமாக வருபவை. பின் டிராப்அவுட் இடைவெளி 90களில் 135 மி.மீ., அதற்கு முந்தியவற்றில் 130 இருக்கலாம். பாட்டம் பிராக்கெட்டின் அகலம் 68 மி.மீ.-ஆ 73-ஆ, மரை நன்றாக இருக்கிறதா என்றும் எழுதுங்கள். கழற்றும்போது நினைவிருக்கட்டும், ஆங்கில மரையில் வலப்பக்கம் எதிர்த்திசையில் கழலும். ஆரம்பகால மெர்லின்களில் மரையே கிடையாது, பேரிங்கை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அப்படி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், வாங்குகிறவர் பாகம் தேட வேண்டியிருக்கும்.

சீட் டியூபின் நீளத்தை மட்டும் கொடுத்தால் போதாது. மேல் குழாயான டாப் டியூபைத் தரைக்கு இணையாக, ஹெட் டியூபின் நடுவிலிருந்து சீட் போஸ்ட்டின் நடுவரை அளந்து கொடுங்கள். உடம்புக்குப் பொருந்துமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எந்த உயர ஃபோர்க்குக்காக (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) செய்தது என்பதும் தேவை. அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் வருவதற்கு முன் செய்த ஃபிரேமில் நீளமான புது ஃபோர்க்கைப் போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் மந்தமாகும், ஹெட் டியூப் வெல்டிங்குக்கும் பாரம் ஏறும். எடையைச் சமையலறைத் தராசில் வைத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். என்னுடையது 1,640 கிராம்.

சுத்தம் செய்வதில் ஒரே விதி, குறைவாகச் செய்யுங்கள். மெர்லின்போல பிரஷ் போட்ட மேற்பரப்பில் கீறல் இருந்தால் மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் துண்டால் ஏற்கெனவே உள்ள கோடுகளின் திசையிலேயே லேசாகத் தேய்க்கலாம். மூட்ஸ்போல நுண்மணிகளை வீசியடித்து மங்கலாக்கிய மேற்பரப்பில் அதைத் தொடவே கூடாது, திட்டுத் திட்டாகிவிடும். பழைய ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தாலும் உரிக்காதீர்கள். அசல் ஸ்டிக்கர் ஒருமுறை போனால் போனதுதான்.

விலைக்கு ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பாருங்கள். கேட்கிற விலை யாரும் கேட்கலாம், கொடுத்த விலைதான் சந்தை. வெறும் ஃபிரேமை வெறும் ஃபிரேமோடு மட்டும் ஒப்பிடுங்கள், அளவையும் கவனியுங்கள். நடுத்தர அளவுக்கு வாங்க ஆள் அதிகம். பாகங்களோடு முழு சைக்கிளாக விற்பதா என்று கேட்டால், என் அபிப்பிராயம் பிரித்து விற்பதுதான். 90களின் தொடக்கத்து ஷிமானோ எக்ஸ்டிஆர் பாகங்கள், கிறிஸ் கிங் கம்பெனியின் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) எல்லாம் தனியாகவே நல்ல விலைக்குப் போகும். ஹெட்செட் நன்றாகச் சுழன்றால் ஃபிரேமிலேயே இருக்கட்டும், தட்டிக் கழற்றுவதில் இரண்டுக்கும் ஆபத்து. நான் 900 டாலர் கேட்டேன், 780-க்கு முடிந்தது. முந்தைய விளம்பரத்துக்கு வந்த கேள்விகள் 400-ஐத் தாண்டவில்லை.

விளம்பரத்தில் குறைகளை முதலில் எழுதுங்கள். நான் எழுதியதன் சாரம் இது: 'வலது செயின்ஸ்டேயில் செயின் கீறிய மூன்று தடம், படம் 14, அளவுக்குப் பக்கத்தில் நாணயம். சீட் போஸ்ட் சிக்கியிருந்தது, எடுத்தாயிற்று, குழாயின் உள்பக்கம் படம் 19. டவுன் டியூப் ஸ்டிக்கரில் ஓர் எழுத்து பாதி போயிருக்கிறது. விரிசல் சோதனை செய்தேன், படம் 22 முதல் 27 வரை.' அதற்குப் பிறகுதான் அளவுகள். அதன் பிறகுதான் நான் அதை எப்படி ஓட்டினேன் என்று இரண்டு வரி.

பணம் விஷயத்தில் பேபாலில் பொருள் வாங்குவதற்கான முறையையே கேளுங்கள். கட்டணம் பிடித்தாலும் இருவருக்கும் பாதுகாப்பு. நண்பருக்கு அனுப்புவதுபோல அனுப்பச் சொன்னால் நல்ல ஆளே விலகிப் போவார். ஒருவர் எனக்கு விலையைவிடக் கூடுதலாகக் காசோலை அனுப்புகிறேன், மிச்சத்தை லாரிக்காரரிடம் கொடுங்கள் என்றார். அது பழைய மோசடி. காசோலை திரும்பும் முன் உங்கள் பணம் போயிருக்கும். பதில் போடாதீர்கள்.

பார்சலுக்குப் பெட்டியைச் சைக்கிள் கடையில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். புது ஃபிரேம் வந்த பெட்டியாகப் பாருங்கள். பின் டிராப்அவுட்டுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைப் பொருத்துவது கட்டாயம். அது இல்லாமல் மேலே கனமான பெட்டி விழுந்தால் செயின்ஸ்டேகள் உள்ளே நசுங்கும். அதையும் கடையில் கேளுங்கள், குப்பையில் போடுகிற பொருள். குழாய்களுக்குத் தண்ணீர்க் குழாயில் சுற்றும் நுரை உறை, ஹாங்கருக்கு இரண்டு சுற்று அட்டை. இப்படி லேசான, பெரிய பார்சலுக்குப் பெட்டியின் அளவுக்குத்தான் காசு, உண்மை எடைக்கு அல்ல. ஃபெடெக்ஸில் கன அங்குலத்தை 139-ஆல் வகுத்து வருவதைப் பவுண்டாகக் கணக்கிடுகிறார்கள். எனக்குக் கிடைத்த பெட்டி 38, 26, 8 அங்குலம், அதாவது 57 பவுண்டு கணக்கு. கத்தியால் வெட்டி 36, 24, 8 ஆக்கினேன், 50 ஆகிவிட்டது. மூடும் முன் ஃபிரேம் உள்ளே இருக்கும் நிலையில் ஒரு படம், ஒட்டிய பிறகு நான்கு பக்கமும் படம். காப்பீட்டை முழு விலைக்கும் போடுங்கள்.

கொலராடோவுக்குப் போய்ச் சேர ஆறு நாள் ஆனது. வாங்கியவர் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதிய பிறகு பைக் இண்டெக்ஸில் பதிவை அவர் மின்னஞ்சலுக்கு மாற்றிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினார். செம்மண் பாதை, சேறு படிந்த குழாய்கள், டவுன் டியூபில் அந்த அரை எழுத்து.