மொரிசியஸைச் சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி: துறைமுகப் படிகளிலிருந்து தொடங்குங்கள்

மொரிசியஸுக்குப் போகிறவர்கள் பலர் கடற்கரை விடுதி ஒன்றில் ஐந்தாறு நாள் தங்கி, ஒரே ஒரு நாள் வாடகைக் காரில் தீவை வலம் வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கடல் அழகானதுதான். ஆனால் 1598இல் டச்சுக்காரர்கள் இறங்கியபோது குடிமக்களே இல்லாதிருந்த இந்தத் தீவில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க, மடகாஸ்கர் மக்களும், ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களும், பிழைப்புத் தேடி வந்த சீனர்களும், பிரெஞ்சுக் குடியேறிகளும் சேர்ந்து ஒரு நாட்டை உண்டாக்கியிருக்கிறார்கள். அந்த வரலாற்றையும் தீவின் காட்டையும் கடலையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க ஏழெட்டு நாள் வேண்டும்.

காலத்தை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால், மே முதல் அக்டோபர் வரையான மாதங்கள் அங்கே குளிர்ச்சியான, மழை குறைந்த பருவமாகும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல்கள் வர வாய்ப்பு அதிகம். புயல் எச்சரிக்கைகள் நான்கு நிலைகளில் அறிவிக்கப்படுகின்றன. மூன்றாம் நிலை வந்துவிட்டால் பேருந்துகள் நின்றுவிடும், விடுதியை விட்டு வெளியேறக் கூடாது. ஆயினும் தைப்பூசக் காவடியைப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் பருவத்தில்தான் போயாக வேண்டும். என் மதிப்பில் அதற்காக இரண்டு நாள் மழையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிட உறுதி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால், விமான நிலையத்திலேயே அனுமதி கிடைக்கும். மாத்திரைகள் எடுத்துச் செல்வோர் மருத்துவரின் சீட்டையும் கட்டாயம் உடன் கொண்டுபோக வேண்டும், ஏனெனில் மருந்துகள் தொடர்பான சட்டம் அங்கே கடுமையானது.

தங்குமிடத்தைக் காற்றின் திசையை வைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. குளிர்மாதங்களில் தென்கிழக்கிலிருந்து காற்று விடாமல் வீசுவதால், கிழக்குக் கரையில் கடல் அலையடித்துக்கொண்டிருக்கும்போதும் வடக்கே கிராண்ட் பே பகுதியும் மேற்கே ஃபிளிக் அன் ஃபிளாக் பகுதியும் அமைதியாக இருக்கும். முதல் நான்கு நாள் வடக்கிலும், பிறகு தென்மேற்கிலோ தென்கிழக்கிலோ தங்குவது தினமும் நெடுந்தூரம் அலைவதைத் தவிர்க்கும். போர்ட் லூயிலிருந்து ரோஸ் ஹில், காத்ர் போர்ன் வழியாகக் கியூர்பிப் வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது. பேருந்து ஏறக்குறைய எல்லா ஊருக்கும் உண்டு. நடத்துநரிடம் ரொக்கம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மாலை மங்கியதும் ஓட்டம் குறைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. தென்மேற்கு மலைப்பகுதிக்கு மட்டும் கார் அவசியம். நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

முதல் நாளைத் தலைநகர் போர்ட் லூயிக்கு ஒதுக்குங்கள், அதுவும் வேலைநாளாக இருக்கட்டும். ஞாயிறு பிற்பகலில் கடைத்தெரு வெறிச்சோடிவிடும். காலையில் முதல் வேலையாகத் துறைமுகத்தை ஒட்டியுள்ள, ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய "ஆப்ரவாசி காட்" என்ற படித்துறைக்குச் செல்ல வேண்டும். அடிமை முறையை ஒழிக்க முடிவானபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய ஆங்கிலேய அரசு, 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்களை இந்தத் துறைமுகத்தின் வழியாகக் கொண்டுவந்தது. கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் கப்பலேறியவர்கள் இங்கே இறங்கி, கல்லாலான படிகளை ஏறித்தான் தீவுக்குள் நுழைந்தார்கள். 2006இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்த இடத்தில் எஞ்சியிருப்பவை சில கட்டடங்களும் அந்தப் படிகளும்தான். அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பக்கத்திலுள்ள விளக்கக் கூடத்தை முதலில் பார்த்துவிட்டுப் படிகளுக்கு வந்தால் அவற்றின் கனம் புரியும். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவர்களுள் நம் மாவட்டங்களின் மக்கள் பலர் இருந்தார்கள் என்ற நினைவோடு அங்கே நிற்கிறவருக்கு அது வெறும் சுற்றுலா இடமாக இருக்க முடியாது.

அருகிலேயே, பழைய இராணுவ மருத்துவமனையில், 2023இல் திறக்கப்பட்ட அடிமைமுறை அருங்காட்சியகம் இருக்கிறது. கூலிகளின் கதையை மட்டும் பார்த்துவிட்டு அடிமைகளின் கதையைத் தவறவிடுவது நியாயமாகாது என்பதால் இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடுங்கள். அங்கிருந்து நடந்தே மத்திய சந்தை, ஜும்மா பள்ளிவாசல், சீனர் தெரு ஆகியவற்றுக்குச் செல்லலாம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூடு உண்டு. ஒரே பறவையின் எலும்புகளால் முழுமையாக அமைந்தது உலகிலேயே அது ஒன்றுதான். கோடான் பகுதியிலுள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847இல் அச்சிட்ட புகழ்பெற்ற அஞ்சல்தலைகள் உள்ளன. அசல் அஞ்சல்தலைகள் ஒளியால் மங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு மணியிலும் சில நிமிடங்களே அவற்றின்மேல் விளக்கு எரியும், மற்ற நேரங்களில் நகல்களைத்தான் பார்க்க முடியும். நுழைவிடத்தில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே போவது நல்லது.

சாப்பாட்டுக்கு அன்று உணவகம் தேட வேண்டாம். அரைத்த பருப்பை உள்ளே வைத்து மெல்லியதாகச் சுடும் "தோல் பூரி" என்ற பண்டம் தெருவோரத்தில் கிடைக்கும். இரண்டு இரண்டாகத்தான் விற்பார்கள், பயறுக் கறியும் தக்காளித் தொக்கும் மிளகாய்ச் சட்னியும் தடவி, சுருட்டித் தருவார்கள். காத்தோ பிமான் என்ற பெயரில் எண்ணெயிலிருந்து எடுத்துத் தருவது நம் பருப்பு வடையின் உறவுதான். சந்தையில் கீரைக்காரரிடம் முருங்கைக் கீரையைக் கேட்டால் "பிரெட் முரூம்" என்பார், கறிவேப்பிலையைக் "கரிபுலே" என்பார். மொழி மறைந்த பிறகும் சமையலறைச் சொற்கள் எப்படிப் பிழைத்துக்கொள்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

தமிழர்கள் பலர் இருக்கிறார்கள் என்று நம்பி, கோயிலில் எவரிடமும் தமிழில் பேசத் தொடங்காதீர்கள். ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்து இருக்கிறது, பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்படுகிறது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. எனினும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் வீட்டுமொழி பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான். 1730களில் லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் ஆளுநராக இருந்தபோதே புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்களைத் தொடக்கமாகக் கொண்டால், ஏறத்தாழ முந்நூறு ஆண்டு இடைவெளி அது. "போன்ழூர்" என்று வணங்கிவிட்டு ஆங்கிலத்தில் பேசுங்கள். உங்கள் ஊரைக் கேட்பார்கள், பேச்சு தானாக வளரும். காத்ர் போர்னில் கோர் த கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று சென்றால், பத்து நாள் விரதமிருந்து காவடி எடுக்கும் கூட்டத்தைப் பார்க்கலாம். அன்று வாழையிலையில் பரிமாறப்படும் ஏழு கறிச் சோற்றை "செத் காரி" என்கிறார்கள். அழைத்தால் மறுக்காமல் உட்காருங்கள்.

இரண்டாம் நாள் பாம்ப்ளமூஸ் தாவரவியல் பூங்காவுக்கு உரியது. 1770 வாக்கில் பியர் புவாவ்ர் இதை வளர்த்தெடுத்தார். டச்சுக்காரர்கள் கட்டிக்காத்த சாதிக்காயையும் கிராம்பையும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வரவழைத்து இங்கே நட்டவர் அவர்தான். தாம்பாளம் போன்ற இலைகளைக் கொண்ட பெருநீர் அல்லிகளும், வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடியும் தாளிப்பனைகளும் உள்ளன. மரங்களில் விளக்கப் பலகைகள் குறைவு என்பதால் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது பயன் தரும்.

தென்மேற்குக்கு இரண்டு முழு நாள் வேண்டும். 556 மீட்டர் உயரமுள்ள லெ மோர்ன் குன்று, தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம். 2008இல் உலக மரபுச் சின்னமானது. 1835இல் விடுதலைச் செய்தியைச் சொல்ல வந்த படைவீரர்களைத் தம்மைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி அடிமைகள் பாறையிலிருந்து குதித்துவிட்டதாக வாய்மொழி மரபு கூறுகிறது. விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். பாதையின் முதற்பகுதி எளிது, மேற்பகுதியில் கைகளால் பாறையைப் பற்றி ஏற வேண்டும். மழை பெய்திருந்தால் அங்கேயே திரும்பிவிடுவதுதான் சரி. மறுநாள் ஷமரெலின் பல வண்ண மண்மேடுகளையும் அருவியையும் காலையில் முடித்துக்கொண்டு, பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்குள் நடக்கலாம். 1974இல் உலகில் நான்கே நான்கு என்று அறியப்பட்ட மொரிசியஸ் வல்லூறு, பல ஆண்டு உழைப்பால் இந்தக் காடுகளுக்கு மீண்டும் வந்திருக்கிறது. கங்கா தலாவ் ஏரியும் அருகில்தான் உள்ளது. மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் யாத்திரிகர்கள் தீவெங்குமிருந்து நடந்தே வருவதால், அப்போது அந்தச் சாலைகளில் காரை எடுக்காதீர்கள்.

கடலில் இறங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். தீவைச் சுற்றிலும் பவளப்பாறை அரண் போல் நிற்பதால்தான் கரையோர நீர் குளம்போல் அமைதியாக இருக்கிறது. தெற்கே சூய்யாக் ஊரின் கிரி கிரி கரையில் அந்த அரண் விட்டுப்போயிருப்பதால் அலைகள் நேராகப் பாறையில் மோதுகின்றன. அங்கே பார்க்கத்தான் செய்யலாம், குளிக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் கடல்முள்ளெலிகளுக்காகக் காலில் ரப்பர் செருப்பு வேண்டும். பவளத்தின்மேல் நிற்பதும் அதை உடைத்தெடுப்பதும் கூடவே கூடாது.

விமான நிலையம் மாஹெபூரை ஒட்டி இருப்பதால் கடைசி நாளை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். அது திங்கட்கிழமையாக அமைந்தால் பெரிய வாரச்சந்தையையும் பார்க்கலாம். ஊருக்கு எதிரே கடலில் 26 ஹெக்டேர் பரப்புள்ள இல் ஓ எக்ரெத் தீவில், மொரிசியஸ் வனவிலங்கு அறக்கட்டளை பழைய கருங்காலிக் காட்டை மீட்டு வளர்த்துவருகிறது. இளஞ்சிவப்புப் புறாக்களையும் அல்டாப்ரா பேராமைகளையும் வழிகாட்டியோடு நடந்தே காணலாம். படகில் இடம் குறைவு என்பதால் சில நாள் முன்பே பதிவு செய்யுங்கள். தரை கூரிய பவளக்கல், ஆகவே மூடிய காலணி அணியுங்கள். காலைப் படகில் போனால் நண்பகலுக்குள் கரைக்கு வந்து, மாலை விமானத்தை நிதானமாகப் பிடிக்கலாம்.