ஜெர்மனியில் மேலாண்மை படிக்கப் போகிறீர்களா?

கால அட்டவணையில் மணிக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்துகள் இருந்தால் கவனியுங்கள். '10 சி.டி.' (c.t.) என்றால் வகுப்பு 10.15-க்கு; '10 எஸ்.டி.' (s.t.) என்றால் சரியாக 10 மணிக்கே. மதிப்பெண்ணும் நமக்குத் தலைகீழ்: 1.0 தான் முதலிடம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி.

குழுவாகச் செய்யும் வேலையில்தான் எனக்கு மனசு நொந்தது. இரவெல்லாம் விழித்துத் தயாரித்ததைப் பார்த்து, "இந்தக் கணக்கு தப்பு" என்று குழுவில் ஒருவர் எல்லார் முன்னாலும் நேராகச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் அதே ஆள் காபி குடிக்கக் கூப்பிட்டார்! அங்கே வேலையைத்தான் குறை சொல்கிறார்கள், நம்மைச் சொல்வதில்லை. அதனால் சும்மா தலையாட்டாதீர்கள். எங்கே தப்பு என்று அப்போதே கேளுங்கள், அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அரிசி, பால் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.